சாட்சி ஒன்று தவறிய இடம்

"அங்க வேண்டாம்னா வேண்டாம், விடு, சும்மா அதையே—"

"காரணம் சொல்லும்மா, காரணம் சொன்னா நான்—"

"ஹாஸ்டல் சாப்பாடு உன் வயித்துக்கு ஒத்துக்காது."

"இதை நேத்தே சொல்லிட்ட. அடுத்தது?"

"அவ்வளவு தூரம். எனக்கு முட்டி வலி. ஒரு அவசரம்னா யாரு ஓடி வர்றது?"

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதம்மா. உன் முட்டி வலிக்கும் நான் சட்டம் படிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வாய்க்கு வாய் பேசாத!"

"வக்கீலுக்குப் படிக்கப் போறவ வாயைக் கட்டிக்கிட்டா இருப்பா?"

1

மேலே இருக்கும் எட்டு வரிகளும் நான் காதால் கேட்டவை. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது என்று ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இடது பக்கத்தில் ஒரு தாயும் மகளும். செவிலி ஏதோ ஒரு எண்ணைக் கூப்பிட்டதும் இரண்டு குரல்களும் எழுந்து போய்விட்டன. முகம் தெரியாது. எந்தப் பல்கலைக்கழகம் வேண்டும், எது வேண்டாம் என்ற சண்டை என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

மழை ஓய்ந்த அந்த மாலையில், ஜன்னலோரம் நின்றிருந்த அவள்—

(அடித்துவிட்டேன். கல்லூரி விண்ணப்பத்தில் மழைக்கு என்ன வேலை?)

ஒரு தாயின் அச்சத்துக்கும் ஒரு மகளின் கனவுக்கும் இடையே—

(இதையும் அடித்துவிட்டேன். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருந்தது.)

என்னை உறுத்தியது வேறு. அந்த அம்மா இரண்டு நிமிடத்துக்குள் வயிறு, தூரம், முட்டி என்று மூன்று காரணம் சொன்னாள். பொய்க் காரணங்கள்தான் இப்படிக் கூட்டமாக வரும். நிஜக் காரணம் தனி ஆள். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தால் கதை கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது. கிடைத்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

2

அம்மாவை நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட் ஆக்கினேன். இருபத்தாறு வருட வேலை. சாட்சி சொல்வதை நீதிபதி கேட்டு, வாக்கியமாக்கிச் சொல்வார், அவள் அடிப்பாள், சாட்சி கையெழுத்துப் போடுவார். பெரும்பாலானவர்கள் படித்துப் பார்க்காமலே போடுவார்கள். அவள் மேசைக்கு எதிரே சாட்சிக் கூண்டு. கூண்டின் கைப்பிடிக் கட்டையில் வியர்வைக் கைகள் தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் வார்னிஷ் போய்விட்டது. அந்த இடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையும் ஒரு முறை அங்கே இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய மூத்தவனை ஒருவன் காரை ஏற்றிக் கொன்றான். தெரு முனையில் வழிவிடுவதில் தகராறு; பையன் ஏதோ சொன்னான்; காரில் இருந்தவன் பின்னால் எடுத்து, நிறுத்தி, முன்னால் வந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து அம்மா பார்த்தாள். கார் நம்பரையும் பார்த்தாள். எண்கள் அவள் கண்ணில் படிந்தால் போகாது, தொழில் அப்படி.

அன்றைக்கே காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தாள். எழுதிக்கொண்ட காவலரின் கையெழுத்து, கோழி கிளறினது போல. மறுநாள் மறுபடி கூப்பிட்டபோது அந்தத் தாளைப் பார்த்தாள். கார் நம்பரில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. தெருப் பெயர் தப்பு. மகன் வயது தப்பு.

"குடுங்க சார், நானே அடிச்சுத் தர்றேன்."

"அம்மா, இந்த நிலைமையில நீங்க போய்..."

"பரவால்ல. மெஷின் சும்மாதானே கிடக்கு."

மகனைப் புதைத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல், ஓரம் விட்டு அடித்துக் கொடுத்தாள். மேலே தேதி போட்டாள். எந்த டைப்பிஸ்டும் போடுகிற மாதிரி, அடிக்கிற நாளின் தேதி. காவலர் நிம்மதியாகப் பழைய தாளைக் கிழித்துப் போட்டார்.

(இந்த இடத்தில் என்னிடம் கோபப்படாதீர்கள். இரண்டு நாள் நானே என்னிடம் பேசவில்லை.)

3

எதிர்த் தரப்பு வக்கீலுக்கு நீதிமன்ற வட்டாரத்தில் 'பஞ்சு' என்று பெயர். குரலை உயர்த்தவே மாட்டார். பஞ்சுக்குள் ஊசி என்பது தைத்த பிறகுதான் தெரியும்.

"இது நீங்க அடிச்சதாம்மா?"

"ஆமாங்க."

"சம்பவத்துக்கு மறுநாள்?"

"ஆமா... ஆனா முதல் நாளே சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க."

"அது எங்க?"

"கிழிச்சுட்டாங்க."

"அதுல கார் நம்பர் இருந்ததா?"

"இருந்துச்சு. தப்பா இருந்துச்சு. நான் சரி பண்ணினேன்."

அன்று மேசையில் அவளுடைய தோழி. கடைசி இரண்டு சொற்களை அவள் அடிக்கிற சத்தம் கூண்டு வரை கேட்டது. எழுத்து எழுத்தாக அம்மா அந்தச் சத்தத்தைப் படித்தாள். அடித்து முடிந்ததும் தாளில் கையெழுத்துப் போட்டாள், படித்துப் பார்க்காமல்.

மறுநாள் 'சரி பண்ணின' நம்பரை நம்ப முடியாது என்று கார்க்காரன் விடுதலை. மூன்றாம் வாரம் அவள் அதே மேசைக்கு வேலைக்கு வந்தாள். அதே பஞ்சு வக்கீல் வேறு வேறு சாட்சிகளை மெதுவாக விசாரிக்க, அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "ஏம்மா விட்டுட்டாங்க?" என்று கேட்டாள்.

"சாட்சி பல்டி அடிச்சுட்டான்டி."

"யாரு?"

வாயில் வந்தவர் தெரு முனை சைக்கிள் கடைக்காரர். பாவம், அவர் கார் நம்பரைக் கவனிக்கவில்லை; மற்றபடி பார்த்ததைப் பார்த்தபடி சாட்சி சொன்னவர். அன்றிலிருந்து அந்தப் பெண் அவர் கடையைத் தாண்டும்போது மறு ஓரமாக நடப்பாள். ஒரு முறை அவர் வாசலில் காறித் துப்பினாள். அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

4

பஞ்சு வக்கீல்தான் எனக்குச் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் தங்கப்பல், கொழுத்த சிரிப்பு எல்லாம் வைத்திருந்தேன். பொம்மலாட்ட அரக்கன் மாதிரி இருந்தான். இரண்டாம் பிரதியில் அவருக்கு ஒரு நோயைக் கொடுத்தேன்; அது பழிவாங்கல், கதை இல்லை. மூன்றாம் முறை, அவரைத் தொழிலை விட்டுவிட்டுப் பேராசிரியராகப் போக விட்டேன். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிற, சட்டப் படிப்புக்கு முதலிடம் என்று எல்லோரும் சொல்கிற பல்கலைக்கழகம். அங்கே சாட்சியச் சட்டம் எடுக்கிறார். நன்றாக எடுக்கிறார். மாணவர்கள் கொண்டாடுகிறார்கள்.

நான்கு வருடம் முன்னால் அந்த வழக்குக் கட்டின் நகல் கேட்டு நீதிமன்றத்துக்கு வந்தார். நகலை மூலத்தோடு ஒப்பிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவது அம்மாவின் வேலைகளில் ஒன்று.

"பாடத்துக்காகக் கேக்கறேம்மா. பேரையெல்லாம் எடுத்துடுவேன்."

"சரிங்க சார்."

"உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

"ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தர்றேன் சார். நாளைக்கு வாங்க."

உட்கார்ந்து, தன் வாக்குமூலத்தைத் தானே வரி வரியாக ஒப்பிட்டாள். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

ஆக, விஷயம் இதுதான். மகளுக்கு இரண்டு இடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, அந்தத் தூரத்துப் பல்கலைக்கழகம். இன்னொன்று, நாற்பது நிமிட பஸ் தூரத்தில், கூரை ஒழுகுகிற, பூட்டிய நூலகம் உள்ள பக்கத்துப் பல்கலைக்கழகம். தூரத்துக்குப் போனால், அறுபது பேரோடு உட்கார்ந்து, அண்ணனைக் கொன்றவன் தப்பித்தது அம்மாவின் கையால்தான் என்று பாடமாகப் படிப்பாள். அதற்கு முன்னால் அம்மாவே சொல்லிவிடலாம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் முட்டி வலி ஜெயிக்கிறது. மகள் பக்கத்திலேயே படித்து, அரைகுறை வக்கீலாகி, அம்மா வேலை பார்க்கும் நீதிமன்றத்துக்கே வந்து ஒரு நாள் பழைய கட்டுகளைப் புரட்டுகிறாள். தள்ளிப்போட்ட இடிதானே, விழாமல் போகுமா? கிழித்தேன்.

இரண்டாவதில் மகள் தூரத்துக்குப் போகிறாள். வகுப்பில் "நான் சரி பண்ணினேன்" என்ற வரியைப் படித்ததும் பின் வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அவளும் கூடச் சேர்ந்து— (இதற்கு மேல் எழுத முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

மூன்றாவதில் அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழ, மகள் கட்டிக்கொண்டு அழுகிறாள். படித்தபோது எனக்கே கண்ணீர் வந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது.

6

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டு வரி கேட்டேன் என்றேன் அல்லவா? ஐந்துதான் கேட்டேன். மூன்று நான் சேர்த்தது. மொட்டைத் தலையும் முழங்காலும் என்னுடையவை. அந்தப் பெண் உண்மையில் "போம்மா" என்றுதான் சொன்னாள். அது கதைக்கு எடுப்பாக இல்லை. அதனால் மறுநாள் உட்கார்ந்து, ஓரம் விட்டு, பிழை இல்லாமல் எழுதினேன். முதலில் கிறுக்கிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

என்னைக் கூண்டில் ஏற்றினால் நானும் அந்த இரண்டு சொல்லைத்தான் சொல்வேன். என்ன வித்தியாசமென்றால், என்னால் யாரும் விடுதலை ஆகவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

7

சமையலறை மேசை. மணி மூன்று. ஐந்துக்குள் இரண்டில் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று தானாகப் போய்விடும். பெற்றோர் கையெழுத்துக்கான தாள் அம்மா முன்னால் கிடக்கிறது.

"போடும்மா."

"பக்கத்து யுனிவர்சிட்டின்னா இப்பவே போடறேன்."

"அங்க சாட்சியச் சட்டத்துக்கு ஆளே கிடையாது. போன வருஷம் லைப்ரரியன் எடுத்தாராம்."

"அவரும் படிச்சவர்தானே?"

"ஆமா, புத்தகத்தோட முதுகைப் படிச்சவர்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை மூடுவதற்குள் அது வெளியே வந்தது.

"அங்க அந்தப் பஞ்சு வக்கீல் இருக்காருடி. உங்க அண்ணனைக் கொன்னவனுக்கு வாதாடினவரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறேங்கற?"

மகள் எழுந்து போய், உள்ளே பையிலிருந்து சில தாள்களை எடுத்து வந்து கையெழுத்துத் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

"இடம் கிடைச்ச எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க. முதல் வகுப்புக்கு முன்னாடி படிச்சுட்டு வரணுமாம்."

பதினோரு பக்கம். புது எழுத்துரு. தோழி அன்று அவசரத்தில் விட்ட இடைவெளிகளையெல்லாம் யாரோ ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் 'சாட்சி ஒன்று'.

"இதுல... பேரே இல்லியேடி."

"அண்ணன் போன தேதி இருக்கும்மா."

சமையலறைக் குழாய் சொட்டியது. அம்மா எழுந்து போய் இறுக்கிவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"பத்து நாளாச்சு."

பத்து நாளாக வயிறு, தூரம், முட்டி. பத்து நாளாக எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் இந்தப் பெண். நல்ல வக்கீலாக வருவாள் என்று அம்மாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது.

"சைக்கிள் கடைக்காரர்கிட்ட..."

"நேத்து போனேன்."

"என்ன சொன்னாரு?"

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சுவிட்டாரு. வேற ஒண்ணும் பேசல."

அம்மா பேனாவை எடுத்தாள். எந்தத் தாளை நோக்கி என்று எனக்கே தெரியவில்லை. இதற்குப் பிறகு அவள் பேச வேண்டும். அவள் பேசுவதை ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது, ஓரம் விட்டு, பிழை இல்லாமல். ஒன்பதையும் அடித்துவிட்டேன். இந்த வீட்டில் இனி யாருடைய வாக்குமூலத்தையும் நான் எழுதித் தர மாட்டேன். அவளுக்கு என்ன வாய்க்கும் என்று தெரிந்தால் நீங்கள் உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்பதெல்லாம் மகளின் குரல்தான்.

"கடைசிப் பக்கத்துல ஒரு கேள்வி போட்டிருக்கும்மா, 'சாட்சி ஒன்று தவறிய இடம் எது?'ன்னு. முதல் வகுப்புலயே கேப்பாராம். நான் கை தூக்கட்டுமா, வேண்டாமா?"