இரவல் லைசென்ஸ்

வேலை நடக்கும் இடங்களில் அவளுக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார்கள் வைத்தது. எந்தச் சுவரானாலும் சாய்வில்லாமல் இருக்கிறதா என்று ரசமட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்க்காமல் நகர மாட்டாள். குமிழி நடுவில் வந்து நின்றால்தான் அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கும் என்று அவள் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். பல வருடம் அடுத்தவர்களிடம் மேற்பார்வை பார்த்துவிட்டு, தேர்வு எழுதி, வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் லைசென்ஸைத் தன் பெயரில் வாங்கியவள். தன் வேலை தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அவள் கணவனுக்கு நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் உத்தியோகம். வருகிற பிளான்களைச் சரிபார்த்து சீல் வைக்கிற மேசை.

அதனால் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, காரியம் முக்கால்வாசி முடிந்துவிட்ட முகத்தோடுதான் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அதை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்.

"மேஸ்திரி ரெடி, தங்கச்சி," என்றார் மாப்பிள்ளை. "நல்ல வேலைக்காரர். லைசென்ஸ் ஒண்ணுதான் இல்ல. அந்த இடத்துல உங்க நம்பரப் போட்டு ஒரு கையெழுத்து. மச்சான் ஒரு சீலக் குத்திட்டா முடிஞ்சுது."

"தாராளமா போடலாம்ணே. ஆனா நம்பர் என்னோடதுன்னா வேலையும் என்னோடது. நான் வந்து நிப்பேன். நான் சொல்றபடிதான் நடக்கும்."

"உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்? சும்மா பேருக்குத்தானே கேக்கறேன்."

"மழைக்கு வாங்கிட்டுப் போய் வெயில் அடிச்சதும் திருப்பித் தர அது குடை இல்லண்ணே. நாளைக்கு ஏதாவது இடிஞ்சு விழுந்தா யார் கட்டினாங்கன்னு கேக்க மாட்டாங்க. யார் நம்பர்னுதான் கேப்பாங்க."

மாப்பிள்ளை மச்சான் பக்கம் திரும்பினார். மச்சான் தேநீர்க் கோப்பையின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"என்கிட்ட வராது மாப்ள," என்றான். "சொந்தக்காரங்க ஃபைல்னா நான் தொடவே கூடாது. பக்கத்து மேசைக்குப் போயிடும்."

"பக்கத்து மேசையில யாரு?"

அவளும் அவள் கணவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பூதக்கண்ணாடி," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அலுவலகத்தில் எல்லோரும் அந்த அதிகாரி அம்மாளை அப்படித்தான் சொல்வார்கள். பிளானில் ஜன்னல் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணிகிட்ட லைசென்ஸ் இருக்கு, அண்ணன் ஆபீஸ்லயே இருக்கான். அப்படி இருந்தும் ரோட்டுல போறவங்கள விட நமக்குத்தான் கஷ்டமா?"

"ஆமாம்மா. நமக்குத்தான் கஷ்டம்," என்றான் அவள் அண்ணன், மெய்யான வருத்தத்தோடு.

மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தேநீரைக் கூட முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள் முற்பகலில் அவள் வேறொரு வீட்டில் தளத்துக்குக் கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள். குரல் சரியாக இல்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அவரு மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து சுவர இடிக்கச் சொல்லிட்டாரு. பாதி இடிச்சதும் மேஸ்திரி நிறுத்திட்டாரு. இப்ப மாடி ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. பொடி பொடியா கொட்டுது."

கோபப்பட அவளுக்கு நேரமில்லை. "மாடியில யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"அடுப்ப அணைச்சிட்டு, கேஸ மூடிட்டு எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க. எதையும் எடுக்க உள்ள போகாதே. இதோ வந்துட்டேன்."

தளத்துக்கு முட்டுக் கொடுக்கிற இரும்பு ஜாக்கிகளில் மிச்சமிருந்தவற்றை வண்டியில் ஏற்றச் சொல்லி, அந்த வண்டியிலேயே ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

குடும்பம் முழுவதும் வாசலில் நின்றிருந்தது. மேஸ்திரி கடப்பாரையைச் சுவரோரம் சாத்திவிட்டு, குற்றவாளி போலத் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"உத்தரத்துப் பக்கம் வெடிப்பு ஓடுச்சும்மா. உடனே கைய எடுத்துட்டேன். இது மாடியத் தாங்கற சுவர்னு அப்பத்தான் உறைச்சுது. சார் பரவால்ல இடின்னாரு. எனக்கு மனசு வரல."

"நிறுத்தினீங்களே, அதுவே பெரிசு. வாங்க, முட்டுக் கொடுப்போம்."

இடிபட்ட சுவருக்கு இரண்டு பக்கமும் தரையில் தடித்த பலகைகளைப் போட்டு, அதன் மேல் ஜாக்கிகளை நிறுத்தி, மேலே தளத்தை ஒட்டி மரச்சட்டம் கொடுத்தார்கள். அவள் ஒரு பக்கமும் மேஸ்திரி மறுபக்கமுமாக ஒரே சீராகத் திருகினார்கள். அவசரப்படுத்த விடவில்லை அவள். ஒரு சுற்று, நின்று கேட்பது, இன்னொரு சுற்று. எங்கேயோ பல்லைக் கடிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் மெல்ல அடங்கியது. தலைமுடியெல்லாம் சுண்ணாம்போடு அவள் வெளியே வந்தபோது நாத்தனார் அழுதுவிட்டாள்.

மாப்பிள்ளைக்கும் உயிர் வந்தது. உயிரோடு பழைய யோசனையும் சேர்ந்து வந்தது. "அப்ப இப்படியே நீங்களே வேலைய முடிச்சிடலாமே தங்கச்சி. வெளிய யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ணே," என்றாள் அவள். "நாளைக்குக் காலையில நீங்களே ஆபீசுக்குப் போறீங்க. அனுமதி வாங்காம இடிச்சிட்டேன்னு உங்க வாயாலயே சொல்றீங்க. அதுக்கப்புறம் என் நம்பரப் போடுங்க. கடைசி வரைக்கும் நான் நிப்பேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

மறுநாள் அவர் பூதக்கண்ணாடியின் மேசைக்கு முன்னால் நின்றார். பக்கத்து மேசையில் மச்சான் ஒரு பிளானை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தான். உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

"யார் சொல்லி இடிச்சீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான்."

"இந்த ஆபீஸ்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது உண்டா?"

"உண்டு மேடம். ஆனா ஒரு பிரயோசனமும் இல்ல."

விரிந்திருந்த பிளான் இலேசாக ஆடியது. பூதக்கண்ணாடி சிரித்து அன்றுதான் பார்த்ததாக அந்தப் பிரிவில் பிறகு வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

சிரித்தாரே ஒழிய விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கே வீட்டு கேட்டில் வேலை நிறுத்த நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அபராதமும் உண்டு. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குள்ளேயே போய் வந்தார். ரசமட்டம் ஒரு இன்ஜினியரை அழைத்து வந்து மாடியின் பாரத்தைக் கணக்குப் போட வைத்தாள். இரு முனையிலும் தூண், நடுவில் பீம் என்று படம் வரைந்து, ஒப்பந்தக்காரர் என்ற இடத்தில் தன் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். ஃபைல் ஒருமுறை திரும்பி வந்தது. சொன்னதைத் திருத்திக் கொடுத்தாள். அனுமதி கிடைத்தது, கேட்டிலிருந்த நோட்டீஸும் போனது. மேஸ்திரியை அவள் தன் ஆளாகவே வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் அவள் கணவன் தங்கை வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. ஃபைல் மூடுகிற வரைக்கும் அங்கே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் நாளைக்கு யாராவது ஒரு பேச்சுப் பேசுவார்கள் என்பது அவன் கட்சி. தங்கைக்கு அது மனத்தாங்கல். "வீடு இடிஞ்சு கெடக்குது, கூடப் பொறந்தவன் எட்டிப் பாக்கல," என்று அண்ணியிடம் தினமும் ஒரு பாட்டம் தீர்த்துக்கொள்வாள்.

பீமுக்குக் கான்கிரீட் போடுகிற நாள். தெருவில் கலவை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஜல்லியும் மணலும் தயார். கான்கிரீட் விழுவதற்கு முன்னால் கம்பியைப் பார்க்க பூதக்கண்ணாடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு பலகைச் சாரத்தில் ஏறினார். டார்ச் அடித்து, பீமுக்காக அடித்திருந்த பலகைப் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இந்த மூலையில கம்பி பலகையத் தொடுது. அடியில வில்லை வெக்கல."

கம்பி பலகையில் படாமல் இருக்க அடியில் வைக்கிற சிறிய சிமெண்ட் வில்லைகள். வைக்காவிட்டால் அந்த இடத்தில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும், துருப்பிடிக்கும். அவளும் ஏறிப் பார்த்தாள். உண்மைதான். காலையில் எல்லாவற்றையும் பார்த்தவள், அந்த மூலையை விட்டிருந்தாள்.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "ஒரு மூலைதானே மேடம்," என்று தொடங்கினார்.

"அவங்க சொல்றது சரிண்ணே," என்று அவள் இடைமறித்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "என் கண்ணுல தப்பிடுச்சு. மெஷின நிறுத்துங்கப்பா. இன்னைக்குப் போட வேண்டாம்."

இயந்திரம் நின்றதும் தெருவே அமைதியானது போலிருந்தது. கொத்தனார்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சாரத்தில் குனிந்து, கம்பியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வில்லைகளைத் தன் கையாலேயே வைத்தாள். பிறகு மற்ற மூலைகளையும் ஒருமுறை பார்த்தாள். பூதக்கண்ணாடி போவதற்கு முன்னால், "நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்துடறேன்," என்றார். வந்தார். பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அன்று கான்கிரீட் விழுந்தது.

பீம் இறுகி, முட்டுகளை எடுத்தபோது மாடி அசையவில்லை. சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் அடுப்படியிலிருந்து கூடத்தின் கோடி வரைக்கும் ஓடியது. கடைசிப் பரிசோதனையும் முடிந்து, வேலை முடிந்த சான்றிதழ் கைக்கு வந்தது.

அன்று சாயங்காலமே அவள் கணவன் தங்கை வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடி, "உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

"வழி தெரியுதா உனக்கு?" என்றாள் தங்கை. கேட்டுக்கொண்டே அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளை அவனைக் கூட்டிப்போய் பீமைக் காட்டினார். தூண் எங்கே, பாரம் எப்படி இறங்குகிறது, அடியில் ஏன் வில்லை வைக்க வேண்டும் என்று, ஏதோ தானே கண்டுபிடித்தது போல விளக்கினார். மச்சான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டான்.

அடுப்படி மேடையில் சாய்ந்து நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ரசமட்டம் நாத்தனாரிடம் சொன்னாள்: "தட்ட எடும்மா. பசிக்குது."