நல்வரவுப் பேனா

“சபை கேட்டுல யாரு நிப்பா அண்ணி, அதைச் சொல்லிட்டுப் போங்க—”

“நீதான் நிக்கணும், காலைலேர்ந்து அதைத்தானே கத்திக்கிட்டு—”

“எனக்குச் சிரிக்க வராது! என் மூஞ்சியப் பாத்தா உள்ள வர்றவங்களும் திரும்பிப் போயிடுவாங்க.”

“சிரிக்க வேணாம்டி. முறைக்காம இருந்தாப் போதும்.”

“ஆராதனை நேரத்துல வீடு வீடாப் போறேன்னு சொன்னா பாஸ்டர் என்ன நினைப்பாரு?”

“வீடு வீடா இல்ல. ஒரே வீடு.”

நாத்தனார் சீப்பைக் கட்டில்மேல் எறிந்தாள். அண்ணி அதை எடுத்து இருந்த இடத்தில் வைத்தாள். சபையில் அண்ணியை எல்லாரும் வாசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மழையானாலும் காய்ச்சலானாலும் ஞாயிறு காலை கேட்டருகே நிற்பது அவள்தான். தெரியாத முகத்தைக் கண்டால் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொள்வாள், “புதுசா வந்திருக்கீங்களா? வாங்க, வாங்க” என்பாள், ‘நல்வரவு’ என்று அச்சடித்த நீலப் பேனா ஒன்றைக் கையில் வைத்து அழுத்துவாள். அந்த வரவேற்பில் நெகிழ்ந்தே சபையில் சேர்ந்ததாகச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் காது மட்டும் ஒரு சொல்லையும் விடாது.

அந்தப் பெருமையெல்லாம் போன வியாழக்கிழமையோடு சரி. அன்று இருவரும் அழைப்பு அட்டைகளோடு குடியிருப்பு ஒன்றில் மாடி மாடியாக ஏறினார்கள். முழங்கால் வலிக்கிறது, போதும் என்று நாத்தனார் முனக, இந்த ஒரு கதவு மட்டும் என்று இவள்தான் தட்டினாள். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் திறந்தாள். பின்னால் தையல் மிஷின், அதன்மேல் பாதி மடித்துத் தைத்த திரைச்சீலை. வாசலக்கா வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள். “எங்க சபைக்கு ஒரு தடவை வந்துதான் பாருங்களேன். உள்ள கால் வச்சாலே சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு எங்களுக்குக் கிடையாது.” அந்தப் பெண் நடுவில் பேசாமல், நிலையில் சாய்ந்து முழுதும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“தூணுக்குப் பக்கத்து ஃபேன் இன்னும் அப்படித்தான் கிரீச்சுங்குதா?”

வாசலக்காவுக்குப் புரியவில்லை. நாத்தனாருக்கு உடனே புரிந்துவிட்டது. அட்டைகளைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளினாள்.

“உக்காருங்க. வருஷக்கணக்கா வந்தவதான் நான். கடைசி வரிசை. வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருந்ததால எல்லா வாரமும் வர முடியாது. வர்றப்பல்லாம் நீங்க கையப் பிடிச்சு, புதுசா வந்திருக்கீங்களான்னு கேப்பீங்க. முதல்ல ரெண்டு மூணு தடவை இல்லக்கான்னு சொல்லிப் பாத்தேன். உங்க காதுல விழல. அப்புறம் நீங்க சங்கடப்படுவீங்களேன்னு ஆமான்னே சொல்லிடுவேன்.” மிஷின் பக்கத்து டம்ளரைக் காட்டினாள். அது நிறைய நீலப் பேனாக்கள். “பேனாவுக்கு எங்க வீட்ல பஞ்சமே கிடையாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சேர்ந்து சிரிக்கலாமா என்று வாசலக்கா முகத்தைத் தயார் செய்வதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது.

“அவரு தவறிப்போன அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தேன். யாராவது ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு இருந்துச்சு. கேட்டுல நீங்க அதையேதான் கேட்டீங்க. ஆமான்னு சொல்லி, பேனாவ வாங்கிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்.”

அதன்பின் வாசலக்கா எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். தன் குரல் நினைவுக்கு வந்தது. பேனாவின் வழவழப்புகூட விரலில் வந்தது. எதிரே நின்ற முகம் மட்டும் வரவில்லை. துக்கத்தோடு வந்த ஒருத்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். பிடித்துக்கொண்டே, அடுத்து யார் வருகிறார்கள் என்று அவள் தோளுக்கு மேலே பார்த்திருப்பாள். வேறெப்படி?

“நீங்க போய்க் கூப்பிட்டா மட்டும் வந்துடுவாங்களா?” இந்த ஞாயிறு காலை சபைக்குக் கிளம்பிய நாத்தனார் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“கூப்பிடப் போகல.”

“பின்ன எதுக்கு?”

“போனாத்தான் தெரியும்.”

“நல்லா இருக்கு போங்க. என்னை ஈன்னு இளிக்க வச்சிட்டு, எதுக்குப் போறோம்னே தெரியாமப் போறாங்களாம்.” ஆனாலும் கண்ணாடி முன் நின்று ஒருமுறை இளித்துப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குடியிருப்பின் படியேறும்போது வாசலக்காவின் கை பழக்கத்தில் பைக்குள் போனது. அட்டை இல்லை, எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அடியில் எங்கோ ஒரு பேனா தட்டுப்பட்டது. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். சபையில் இந்நேரம் முதல் பாட்டு தொடங்கியிருக்கும். கேட்டில் நாத்தனார் யாரை முறைத்துக்கொண்டிருக்கிறாளோ.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினாள். மிஷின் நின்றது. அவளையறியாமல் உதடு விரிந்து அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அதை அவசரமாக இறக்கிவிட்டு வெறும் முகத்தோடு நின்றாள். வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பது இவ்வளவு கஷ்டமா?

கதவு பாதி திறந்தது. அந்தப் பெண் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து நாடாவில் குத்தினாள். வாசலக்காவின் வெறுங்கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை. அவசரமே இல்லாமல், வெகுநேரம் பார்த்தாள். ஒரு கை இன்னும் தாழ்ப்பாளில்தான் இருந்தது.

“வாங்க வாங்க,” என்றாள். “புதுசா வந்திருக்கீங்களா?”