இருநூற்றுப் பதினான்கு பிழைகள்

அக்காவின் கண்ணைப் பேச வைத்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றவாளி யார் என்று முதலிலேயே தெரிந்துவிடட்டும்.

நரம்பு நோய் அவள் கைகளை முடக்கியது, பிறகு குரலையும் எடுத்துக்கொண்டது. கருவிழி மட்டும் மிச்சம். அது அசைவதைக் கேமரா பார்க்கும். நான் எழுதிய லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, அந்த அசைவை எழுத்தாக்கும். கணினி வாசித்துக் காட்டும். அதில் அவள் பேசிய முதல் வாக்கியம், "அந்தச் சட்டைய தூக்கிப் போடு." நாலு மாதம் பேச்சில்லாமல் கிடந்தவள் முதல் வேலையாக என் மானத்தை வாங்கினாள். அன்று வீடே சிரித்தது.

ஆறு வருடம் ஓடியது. போன திங்கட்கிழமை காலை, திரையில் "தம்பி, நீ" என்று வந்த இடத்தில் கணினி செத்துப்போனது.

மதியமே புதுக் கணினியும் கேமராவும் வாங்கி வந்து லைப்ரரியைக் கம்பைல் செய்தேன், அதாவது நான் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றச் சொன்னேன். இருநூற்றுப் பதினான்கு பிழைகள். நிரல்மொழிக்குப் புது விதிகள் வந்திருந்தன. நான் நம்பியிருந்த பழைய வசதிகள் சிலவற்றை அடியோடு எடுத்துவிட்டார்கள். பழைய விதியிலேயே ஓட்டிவிடலாம் என்றால், புதுக் கேமராவோடு வந்த கோப்புகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

யாரையும் திட்டவும் வழியில்லை. இவற்றையெல்லாம் நீக்கப்போகிறோம் என்று, அந்த மாற்றும் வேலையைச் செய்கிற கம்பைலர் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டுதான் இருந்தது. அந்த எச்சரிக்கைகள் கண்ணை உறுத்துகின்றன என்று, அவற்றைக் காட்டாதே என ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்தவன் நான்.

முந்தின வாரம்தான் மருத்துவர் அம்மாவையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, கருவிழியும் ஓயத் தொடங்கிவிட்டது, எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றிருந்தார். அதற்குள் அவளுடைய மீதி வாக்கியத்தை வாங்கிவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எதிர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றைத் திருத்தினால் எட்டு முளைத்தது. செவ்வாய் மாலை நூற்று அறுபது. புதன் மதியம் எழுபது இருக்கும்போது அம்மா கதவைத் தட்டி, அக்கா கூப்பிடுகிறாள் என்றாள்.

"அவ பேசணும்னுதானேம்மா இத பண்றேன். முடிச்சுட்டு வரேன்" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

சாயங்காலம் மறுபடி வந்தாள். அதே பதில். வியாழன் காலையும் வந்தாள். எரிச்சலில், இனிமேல் தட்டாதே என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டு மட்டும் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து போனது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிழை எதுவும் இல்லை. ஓடிப்போய்க் கேமராவை அவள் முகத்துக்கு நேராகப் பொருத்தினேன். திரையில் ‘தயார்’ என்று வந்தது. அக்காவின் கண் திறந்திருந்தது. கருவிழி நடுவிலேயே நின்றது. இந்தப் பக்கம் பார் என்றேன், அந்தப் பக்கம் பார் என்றேன். என் நிரலில்தான் தப்பு இருக்க வேண்டும் என்று கேமராவை என் பக்கம் திருப்பினேன். என் கண்ணுக்கு உடனே எழுத்து விழுந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு அசையறது நேத்து சாயங்காலமே நின்னுடுச்சுப்பா. நீ தட்டாதேன்னு சொல்லிட்ட." அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மடியிலிருந்து ஒரு மருந்துப் பெட்டி அட்டையை எடுத்து நீட்டினாள். அதன் உட்பக்கம் அம்மாவின் கோணல் கையெழுத்து. அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வந்ததும் அக்கா கண்ணை மேலே தூக்கியிருக்கிறாள். புதன்கிழமை காலை முழுக்க அதற்கே போயிருக்கிறது.

"தம்பி, நீ கொஞ்ச நேரம் பக்கத்துல வந்து உக்காரு."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வந்துட்டேன்க்கா என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு வழியும் இல்லை.