பின்னால் முளைத்த சமையலறைகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் இன்னொரு சமையலறை முளைத்தது. அதே மேடை, அதே அலமாரி, அதே குழாய். திறந்தால் தண்ணீர் மட்டும் வராது. வாடகை ஏறாமல் இடம் கிடைத்ததில் மெக்கானிக்குக் கொள்ளை சந்தோஷம். பழைய பெட்டிகளை அங்கே தள்ளினார். மகள் படிக்க ஒரு மேஜை போட்டுக்கொண்டாள். அந்த வாரம்தான் மனைவியின் கைக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஊரிலுள்ள லிஃப்டுக்கெல்லாம் மாதம் தவறாமல் பிரேக் பார்க்கிற மனிதர் தன் வீட்டில் கோட்டை விட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தச் சமையலறை இன்னொன்றை ஈன்றது, அது இன்னொன்றை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கோணல். ஒன்றில் ஜன்னல் இல்லை, அடுத்ததில் மேடை கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிலும் ஒரு வேளை சமைக்க முடியாது. ஆனால் வீட்டுத் தண்ணீரும் கரண்டும் அங்கேதான் போயின. முன்னறை விளக்கு மங்கியது. மனைவி இளைத்தாள். கொத்தனார் வந்து ஒன்றை இடித்தார். பக்கத்திலேயே இரண்டு எழும்பின. அவர் கடப்பாரையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

கடைசியில் கட்டியைக் காட்டப் போனபோது, அது புற்றுநோய் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். செல்கள் ஒன்று இரண்டாகப் பிரியும்; போதும், நில் என்று சொல்ல ஒரு மரபணு உண்டு, அம்மா வழியில் ஒரு பிரதி, அப்பா வழியில் ஒரு பிரதி.

"உங்க மனைவிக்கு அவங்க அம்மாகிட்டேருந்து வந்தது பிறக்கும்போதே பழுது. இன்னொண்ணு ஏதோ ஒரு செல்லுல கெட்டுப்போச்சு. அந்த செல்லு அப்புறம் நிக்கவே இல்ல."

"ரெண்டு பிரேக்கும் போச்சு," என்றார் மெக்கானிக். அங்கேயே அழுதார்.

சில வருடம் கழித்து அவள் இறந்தாள். அன்றோடு அறைகள் முளைப்பது நின்றது. முன்னறை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்பாவும் மகளும் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அம்மாவின் பழுது அவளுக்கும் வந்திருந்தது.

"அப்போ எனக்கு ஒரு பிரேக்தானாப்பா?"

"ஒண்ணு நல்லா இருக்கும்மா. அடிக்கடி பாத்துக்கணும், அவ்வளவுதான்."

"அம்மாவுக்கும் ஒண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

மகள் பரிசோதனைக்குப் போகும் நாளெல்லாம் அவர் லீவு போட்டுவிட்டு, ஸ்பானரால் வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். இதுவரை சுவர் சுவராகவே இருக்கிறது. பின்னாலிருக்கும் சமையலறைகளை யாரும் இடிக்கவில்லை. மழை நாளில் துணி காயப்போட வசதியாக இருக்கின்றன.