இரவல் சந்தேகங்கள்

"முதல் வாரத்துலயே ஒரு சயின்ஸ் ப்ரொபஸரைப் பிடிச்சிடு," என்றாள் மேரன்.

"பிடிச்சு?"

"அவங்க ரூமுக்குப் போ. வாராவாரம் போ. நாளைக்கு நீ சிபாரிசு லெட்டர் கேக்கும்போது உன் மூஞ்சி ஞாபகம் இருக்கணும்."

"போய் என்ன பண்றது?"

"சந்தேகம் கேளு."

"எனக்குச் சந்தேகமே இல்லேன்னா?"

மேரன் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டாக்டராகணும்கிறே, ஒரு சந்தேகத்தைக்கூட உருவாக்கத் தெரியாதாடி உனக்கு?"

நான் கல்லூரியில் சேர்வதற்குப் பத்து நாள் முன்னால், பெரியப்பா வீட்டுப் புல்வெளியில், சாஸேஜ் சுடுகிற புகைக்கு நடுவில் நடந்த பேச்சு அது. மேரன் என் பெரியப்பா மகள். மில்வாக்கியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சோல்பெர்க் குடும்பத்தில் அவளுக்கு முன் மருத்துவத்துக்கு மிக நெருக்கமாகப் போனவர் என் அப்பாதான். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் கூடம் நடத்துகிற அவர் மூன்று தடவை முதுகில் அறுவை செய்துகொண்டவர். ஆகவே மேரன் வாயிலிருந்து வந்தது எனக்கு வேதவாக்கு.

எங்கள் நாட்டில் நன்றாகப் படிப்பது மட்டும் மருத்துவக் கல்லூரிக்குப் போதாது. நாலு வருடம் வேறு கல்லூரியில் படித்து, மதிப்பெண் வாங்கி, அதோடு நான் நல்லவள், இரக்கமுள்ளவள், தலைமைப் பண்பு உள்ளவள் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அதுவும் மணிக்கணக்கில். இரக்கம் இருநூறு மணி, ஆராய்ச்சி இருநூறு மணி, டாக்டர் பின்னால் வாலாட்டிக்கொண்டு நடப்பது ஐம்பது மணி. முதல் வருடத்திலேயே ஆரம்பிக்காதவர்கள் மூன்றாம் வருடத்தில் இரக்கத்துக்கு நேரமில்லாமல் அலைவதை மேரன் பார்த்திருக்கிறாள்.

நான் கணினியில் ஒரு அட்டவணை போட்டேன். பச்சைக் கட்டம் மருத்துவமனை, மஞ்சள் ஆராய்ச்சி, நீலம் சமூகசேவை. சனிக்கிழமை காலைகளில் மருத்துவமனையில் சூடுபடுத்திய போர்வைகளை வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடலிறக்க அறுவை முடிந்து படுத்திருந்த ஒருவர் அவசரமாகச் சிறுநீர்க் குவளை கேட்டார். அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. நர்ஸைத் தேடி நடைபாதை நெடுக ஓடினேன். 'நெருக்கடியில் விரைந்த செயல்பாடு' என்று பச்சைக் கட்டத்தில் எழுதிக்கொண்டேன். மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினேன். அது மஞ்சள். ஒரு சிப்பியையாவது நேரில் பார்த்தாயா என்று அப்பா கேட்டார். அது அட்டவணையில் இல்லாத கேள்வி.

கட்டங்கள் நிரம்பிக்கொண்டு வந்தன. நிரம்பாதது சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான். அதை என்னை அறிந்த ஒரு அறிவியல் பேராசிரியர் எழுத வேண்டும். என் வேதியியல் வகுப்பில் முந்நூற்றுப் பத்து பேர்.

பேராசிரியர் க்ரூகர் அறுபத்தாறு வயதுப் பெண்மணி. பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு மேசை முழுக்கப் பென்சில் தேடுவார். செவ்வாய்க்கிழமை இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை அவர் அறைக் கதவு மாணவர்களுக்காகத் திறந்திருக்கும். முதல் செவ்வாய் போனேன். என்னிடம் இருந்த ஒரே சந்தேகம் நாற்பது நொடியில் தீர்ந்துவிட்டது. மிச்ச நேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த அணிலைப் பார்த்தோம். அந்த அணிலுக்குக்கூட என்னைவிட அதிக வேலை இருந்தது.

அன்று மாலை உணவுக்கூடத்தில்தான் எம்மெட் குலாஸைக் கண்டுபிடித்தேன். அதே வகுப்பில் கடைசி வரிசை, பச்சைத் தொப்பி. பால்பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பையன். பண்ணைப் படிப்புக்கு வேதியியல் கட்டாயம் என்பதால் வந்து மாட்டிக்கொண்டவன். முதல் வாரமே வைத்த சோதனைத் தேர்வில் நாற்பத்தொன்று வாங்கியிருந்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். எது புரியவில்லை என்று கேட்டேன். அட்டை புரிந்தது என்றான்.

எனக்குச் சுரங்கம் கிடைத்த மாதிரி இருந்தது. எம்மெட்டிடம் சந்தேகங்கள் அவ்வளவு இருந்தன, எல்லாம் அசலானவை. ஒப்பந்தம் சுலபமாக முடிந்தது. திங்கட்கிழமை அவன் எனக்கு மூன்று சந்தேகம் தருவான். செவ்வாய் நான் அவற்றை என்னுடையவைபோல் க்ரூகரிடம் கேட்பேன். புதன்கிழமை பதிலைக் கொண்டுவந்து அவனுக்குச் சொல்வேன். நேராக அவனே போய்க் கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். செவ்வாய் மதியம் அவனுக்கு மாடு கறக்கிற முறை. வேறு நாள் கேட்டுப் போகலாமே என்று சொல்கிற எண்ணம் எனக்கும் வரவில்லை.

க்ரூகர் அருமையாகச் சொல்லித்தருவார். இரண்டு பொருள் கலந்து வினை நடக்கும்போது எது முதலில் தீர்கிறதோ அதுதான் விளைவின் அளவைத் தீர்மானிக்கும் என்பதற்கு அவர் ரொட்டியையும் பாலாடைக்கட்டித் துண்டையும் படம் போடுவார். பத்து ரொட்டி, மூன்று பாலாடைக்கட்டித் துண்டு, எத்தனை சாண்ட்விச்? நான் புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, பிறகு மெல்ல முகம் மலர்வேன். அந்த மலர்ச்சியைக் கண்ணாடி முன் பழகியிருந்தேன்.

புதன்கிழமை எம்மெட் மலரவில்லை. அவனுக்குச் சாண்ட்விச் ஏறவில்லை. மூன்று துண்டுதான் இருக்கிறதென்றால் யாராவது கடைக்குப் போய் வாங்கி வரட்டுமே என்றான். அவன் மண்டையில் எதை வைத்து ஏற்றுவது என்று பார்க்க, அக்டோபரில் ஒரு ஞாயிறு அவர்கள் பண்ணைக்குப் போனேன். அவன் அம்மா உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்துச் சுட்ட கேசரோலை மூன்று தடவை பரிமாறினார். தொழுவத்தில் எண்பது மாடு, எட்டுக் கறவைக் கருவி. எட்டு மாட்டுக்கு மேல் ஒரே சமயத்தில் கறக்க முடியாது, மாடு எத்தனை வரிசையில் நின்றாலும். அங்கேயே, சாணிக்கு நடுவில், கருவியைக் காட்டிச் சொன்னேன். எம்மெட் கருவிகளை ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணினான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "இதை அந்தம்மா முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றான்.

அந்த ஞாயிற்றின் ஐந்து மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியவில்லை. போடாமல் விட்டேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளையும் போடவில்லை.

இப்படி இலையுதிர்காலம் போய், பனி வந்து, பனியும் போகிற நேரம். மார்ச்சில் ஒரு செவ்வாய், மூன்று சந்தேகங்களையும் கேட்டு முடித்து எழுந்தேன். க்ரூகர் என்னை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார். இத்தனை வாரம் போட்ட விதை முளைக்கிறது, அவரே கடிதத்தைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிரிட்டா, டாக்டர் ஆகலேன்னா வாழ்க்கை முடிஞ்சு போயிடாதும்மா," என்றார். "என் தங்கச்சி பூக்கடை வெச்சிருக்கா. ரொம்ப சந்தோஷமா இருக்கா."

எனக்கு அப்போது அந்த வகுப்பில் தொண்ணூற்றாறு. தாள்களைத் திருத்துவது உதவியாளர்கள். தன் அறைக்கு வருகிறவர்களின் மதிப்பெண்ணை க்ரூகர் பார்ப்பதே இல்லை, பார்த்தால் சொல்லித்தருகிற விதம் மாறிவிடும் என்பது அவர் கொள்கை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாராவாரம் வந்து, அடிப்படையே தெரியாமல் கேட்டு, உதட்டைக் கடிக்கிற ஒரு பாவப்பட்ட பெண். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஆறு மாத நாடகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றி சொல்லிவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த தனிப்பயிற்சி மையத்தின் முகவரியோடு வெளியே வந்தேன்.

எம்மெட் இதைக் கேட்டுச் சிரித்ததில் குடித்துக்கொண்டிருந்த பால் மூக்கு வழியாக வந்தது. என்னைப் பூக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தான். சிரித்து முடித்தபின் அவனுக்கே ஒன்று உறைத்தது.

"லெட்டர் கேட்டா அவங்க எழுதிடுவாங்க, பூக்காரி. ஆனா அதுல இருக்கப்போறது நீ இல்ல, நான்."

சொல்லிவிட்டு, க்ரூகர் எழுதப்போகிற அந்தக் கடிதத்தை அங்கேயே வாசித்தும் காட்டினான். இந்தப் பெண்ணுக்கு விடாமுயற்சி அதிகம், மூளை சுமார், ரொட்டிக் கணக்கு வராது, ஆனால் அணில்களிடம் அன்பானவள். நான் அவனைப் புத்தகத்தால் அடித்தேன்.

ஏப்ரலில் விஷயம் இறுகியது. மே மாதத்தோடு க்ரூகர் ஓய்வுபெற்று ஓரிகனுக்கு, அந்தப் பூக்கடைத் தங்கையிடமே போகிறார் என்று அறிவிப்பு வந்தது. இப்போதே கேட்டு வாங்கினால் கல்லூரி கடிதத்தைப் பத்திரப்படுத்தி, விண்ணப்பிக்கிற வருடம் அனுப்பும். விட்டால் மறுபடி ஒரு முந்நூறு பேர் வகுப்பில் முதலிலிருந்து மூஞ்சியைக் காட்ட வேண்டும். மேரனிடம் சொன்னேன். கேள், தப்பை மட்டும் சொல்லாதே, எப்படிக் கேட்பது என்று ஒரு வாக்கியம் தருகிறேன் என்று தந்தாள். மெலிதான கடிதம் மருத்துவக் கல்லூரியில் சாவு ஓலை. அதனால், 'என்னைப் பற்றி வலுவாக எழுத உங்களால் முடியுமா' என்றுதான் கேட்க வேண்டுமாம். முடியாதவர்கள் கௌரவமாக நழுவிக்கொள்ள அதில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பல் துலக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நான்கு செவ்வாய் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு போனேன், நான்கு தடவையும் எம்மெட்டின் சந்தேகத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கடைசிச் செவ்வாய். அறையில் பாதி அட்டைப்பெட்டி. க்ரூகர் ஒரு பெட்டியை நகர்த்தி எனக்கு இடம் செய்து, வழக்கம்போலப் பென்சில் தேடினார். கொண்டையில் இருக்கிறது என்று சொன்னேன். அதை எடுத்து, நான் கேட்பதற்கு முன்பே, ஆண்டுத் தேர்வுக்கு உதவும் என்று தானாகவே ரொட்டிப் படம் போட ஆரம்பித்தார். பத்து ரொட்டி. மூன்று துண்டு. ஒவ்வொரு ரொட்டியையும் பொறுமையாக, ஓரம் வைத்து வரைந்தார்.

ஏழாவது ரொட்டிக்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ப்ரொபஸர், இது எனக்குத் தெரியும். செப்டம்பர்லயே தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அணிலிலிருந்து ஆரம்பித்து, கண்ணாடி முன் பழகிய மலர்ச்சிவரை. அவர் குறுக்கிடவில்லை. யாருடைய சந்தேகங்கள் என்று மட்டும் கேட்டார். எம்மெட் குலாஸ், கடைசி வரிசை, பச்சைத் தொப்பி என்றேன். தூங்குவானே அந்தப் பையனா என்றார். விடிவதற்கு முன்னால் எழுந்து மாடு கறக்கிறவன் என்றேன்.

க்ரூகர் கணினிப் பக்கம் திரும்பி மதிப்பெண் பட்டியலைத் திறந்தார். என் பெயரில் கொஞ்சம் நின்றார். அதைவிட அதிக நேரம் எம்மெட்டின் பெயரில் நின்றார். கடைசித் தேர்வில் அவன் எண்பத்திரண்டு.

"நான் சொன்னதை அப்படியே அவன்கிட்ட சொன்னியா?"

"சாண்ட்விச் அவனுக்குப் புரியலை. மாட்டை வெச்சுச் சொன்னேன்."

"முப்பத்தொரு வருஷமா சாண்ட்விச் சொல்லிட்டிருக்கேன்," என்றார். பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

அவர் வரைந்த ரொட்டிகளுக்குப் பக்கத்தில் எட்டுக் கருவி போட்டேன், எண்பது மாட்டுக்கு எண்பது கோடு போட்டேன், சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். மாட்டுக்கு வால் வேண்டாமா என்று கேட்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"செவ்வாய்க்கிழமை மூணரை ஆனதும் நான் ஆத்தோரமா நடக்கப் போவேன்," என்றார். "உனக்குப் புரியலையேன்னு அதை விட்டுட்டு உன்னோட உக்காந்தேன். இந்த வருஷம் பூரா."

என் அட்டவணையில் எத்தனை மணி நேரம் இருந்தது, இவருடைய மணி நேரத்துக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இவரிடம் இனி எதையும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"உக்காரு," என்றார் க்ரூகர். "சந்தேகம் உன்னுது இல்ல. சரி. அப்போ என்ன வேணும்னு வாராவாரம் வந்தே? அதை இன்னும் நீ சொல்லவே இல்லையே."

மேரன் கொடுத்த வாக்கியத்தைத் தேடினேன். பல் துலக்கும்போது அவ்வளவு ஒழுங்காக வந்தது, ஒரு சொல்கூட மிச்சமில்லை.

"எனக்கு ஒரு சிபாரிசு லெட்டர் வேணும், ப்ரொபஸர்," என்றேன். "நான் உங்களை ஏமாத்தினதையும் சேர்த்தே எழுதுங்க."