கேட்டில் சொல்ல வேண்டிய பெயர்

கண்டெய்னர் லாரி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்து வந்து நின்ற டெம்போவைப் பார்த்ததும் செந்தாமரை நோட்டைத் திறக்காமலே நின்றுவிட்டாள். ஓட்டி வந்தவன் அவள் புருஷன். நேற்றுவரை மண்ணூர்ப் பக்கம் செங்கல் லோடு அடித்துக்கொண்டிருந்த மனுஷனை, மரப்பலகை ஏற்றி இந்த ஒரகடம் கம்பெனிக்கு அனுப்ப அவன் முதலாளிக்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

கேட்டில் நிற்க அந்தக் கம்பெனி எடுத்த முதல் பெண் அவள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிலைக்குமா என்று சொல்வேன் என்றிருந்தார் செக்யூரிட்டி ஆபீசர் நம்பிராஜன். இன்று இருபத்தாறாம் நாள். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. வண்டி நம்பரையும் டிரைவர் பெயரையும் நோட்டில் எழுதி, வாக்கி-டாக்கியில் ஸ்டோருக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து சரி என்று வந்தால் கேட்டைத் திறக்கலாம். பெயர் சொல்லாமல் ஒரு வண்டியை விட்டாலும் நீ வீட்டுக்குப் போகலாம் என்பது நம்பிராஜனின் சட்டம்.

கட்டியவன் பெயரைப் பதின்மூன்று வருஷமாக அவள் வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றே மாமியார் காதில் போட்டிருந்தாள். ரேஷன் கடையில் கேட்டால் மகள் சொல்வாள். காஞ்சிபுரத்தில் அதே பெயர்கொண்ட சாமியைக்கூட 'பெரிய கோயில்காரர்' என்றுதான் கும்பிட்டு வந்தாள்.

நோட்டில் எழுதிவிட்டாள், கைக்கு அந்தத் தடை கிடையாது. வாக்கி-டாக்கியில் வண்டி நம்பரைச் சொன்னாள். டிரைவர் யாரென்று ஸ்டோர் கேட்டது.

"எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள். பேரைச் சொல்லும்மா என்றார்கள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நம்பிராஜன் கேபினை விட்டு வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

டெம்போவிலிருந்து கை நீண்டது. "இங்க குடு, நானே சொல்லிக்கிறேன்."

நல்ல மனதோடுதான் கேட்டான். ஆனாலும் கொடுத்துவிட்டால் யூனிஃபார்மையும் மடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவளுக்குப் பட்டது. இருபத்தாறு நாளாக இந்தப் பெரிய கேட் அவள் தள்ளினால்தான் திறந்தது. எத்தனை ஆம்பிளைகள் அவள் ஒரு வார்த்தைக்காக எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்! அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அவன் ஆயுசை நினைத்தால் பயமாகவும் இருந்தது. சாமி, இவரை ஒன்றும் செய்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"டிரைவர் பேரு ஏகாம்பரம்."

ஸ்டோர் சரி என்றது. நம்பிராஜன் திரும்பிக் கேபினுக்குள் போய்விட்டார். அவள் கேட்டைத் தள்ளித் திறந்தாள். டெம்போதான் நகரவில்லை. முதலாளி தினம் நூறு தடவை கத்துகிற பெயர்தான். ஆனாலும் அப்போதுதான் யாரோ அதைப் புதிதாகத் தனக்கு வைத்ததுபோல அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு தபா சொல்லு" என்றான் மெதுவாக.

"வெளிய வரப்போ திரும்பவும் சொல்லணும். போங்க, பின்னாடி வண்டி நிக்குது."

டெம்போ முதல் கியரிலேயே ஊர்ந்து உள்ளே போனது. பக்கக் கண்ணாடியில் அவன் முகம் அவளைப் பார்த்தபடியே சிறுத்துக்கொண்டு போனது.