என் கடைக்கு ஒரு இரங்கல்

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொண்டுபோய் இறக்கியபோதுதான் என் கடை மூடப்பட்ட விஷயம் எனக்கே தெரிந்தது.

அங்கே புதிதாக வந்திருந்த மேலாளர் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க கடையை மூடிட்டதா நெட்டுல போட்டிருக்காங்களேம்மா. அடுத்த மாசத்துக்கு வேற ஆளைப் பேசிட்டிருக்கோம்.”

“மூடின கடையிலிருந்தா சார் துவைச்சுக் கொண்டு வந்திருக்கேன்?”

போனை நீட்டினார். ஊரைப் பற்றி ஊராரே எழுதும் விக்கியில் என் கடைக்கு நேராக ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று இருந்தது.

“எனக்குப் புரியுது. ஆனா மேல இருக்கறவங்க இதைத்தான் பார்ப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடுங்க.”

எங்கள் பிழைப்பே அந்த ஆஸ்பத்திரித் துணிதான். அது போனால் கடையை நிஜமாகவே மூட வேண்டியதுதான்.

திரும்பி வந்து தங்கச்சியிடம் கத்தினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். விக்கியின் அந்த வரிக்கு ஆதாரமாக ஒரு வலைப்பூவைக் காட்டியிருந்தார்கள். திறந்தால், ‘ஒரு சலவைக் கடையின் மரணம்’.

எழுதியவர் எங்கள் வாடிக்கையாளராம். சலவைக்குக் கொடுத்திருந்த கோட்டைத் திரும்ப வாங்க வந்தாராம், ஷட்டர் இறங்கியிருந்ததாம், நெஞ்சை அடைத்துவிட்டதாம். சோப்பு மணம், நீராவி, ‘அந்தப் பெண்ணின் சோர்ந்த புன்னகை’ எல்லாம் வந்திருந்தன. நான் எந்தக் காலத்தில் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தேன்? அன்று தண்ணீர்க் குழாய் வெடித்து, ஒரே ஒரு நாள் கடையை அடைத்திருந்தோம். பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கண்ணீர் எப்படி வரும்? கட்டுரைக்குக் கீழே வேறு ஆளாளுக்கு அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒருத்தராவது ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கக் கூடாதா?

“வலைப்பூ அவரோட சொந்த வீடு மாதிரிக்கா. அவரா மாத்தினாத்தான் உண்டு. நாம வாசல்ல நின்னு கருத்து சொல்லலாம், அவ்வளவுதான். விக்கியை யார் வேணாலும் திருத்தலாம்” என்றாள் தங்கச்சி.

“அப்ப ரெண்டுலயும் எழுது.”

வலைப்பூவில் எழுதினோம்: ‘நான்தான் கடைக்காரி. கடை திறந்துதான் இருக்கிறது. வந்து பாருங்கள்.’ உங்கள் கருத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று வந்தது. விக்கியில் ‘இயங்குகிறது’ என்று மாற்றினோம். டீ ஆறுவதற்குள் யாரோ பழையபடி ஆக்கிவிட்டார்கள். ஆதாரம் இல்லையாம். மறுபடி மாற்றினோம். உரிமையாளரே எழுதக் கூடாதாம். தங்கச்சி விடவில்லை. எங்களுக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, இயந்திரம் ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டு, அதை ஆதாரமாகக் கொடுத்தாள். சொந்த வலைப்பூ செல்லாது என்று அதையும் தூக்கிவிட்டார்கள்.

“அவர் எழுதினது மட்டும் செல்லுமா?”

“அவர் மூணாம் மனுஷராம்க்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குள் நின்று வேர்வை சிந்துகிறவள் சொன்னால் பொய்யாம். தெருவில் நின்று பெருமூச்சு விட்டவன் சொன்னால் ஆதாரமாம்!

வியாழக்கிழமைதான் அந்தக் கோட் நினைவுக்கு வந்தது. கடைசிக் கம்பியில் உறை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் போன் நம்பரும் இருந்தது. கூப்பிட்டேன்.

“உங்க கோட் ரெடி சார்.”

“நீங்க... மூடலையா?”

ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “அடடா! ‘உயிர்த்தெழுந்த கடை’ன்னு ஒண்ணு எழுதிடறேன்மா.”

“புதுசா ஒண்ணும் வேணாம் சார். பழசைத் திருத்துங்க.”

“அதுல எப்படிம்மா கை வைக்கறது? அது ஒரு படைப்பு. எத்தனை பேர் மனசைத் தொட்டிருக்கு! என் வலைப்பூவுல என்ன இருக்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?”

“கரெக்ட் சார். என் கடையிலிருந்து எந்தத் துணி வெளிய போகணும்னு நான் முடிவு பண்றேன்.” கோட்டைக் கொண்டுபோய்க் கம்பியிலேயே மாட்டினேன்.

தங்கச்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, கட்டுரையின் தலையில் ‘திருத்தம்: கடை தொடர்ந்து இயங்குகிறது’ என்று சேர்த்தார். தங்கச்சி அதை ஆதாரமாகக் காட்டி விக்கியை மாற்றினாள். காத்திருந்தோம். இந்தத் தடவை யாரும் தொடவில்லை. மேலாளருக்கு அனுப்பினோம். ‘நல்லது. வழக்கம்போல் துணி எடுக்க வாருங்கள்’ என்று பதில் வந்தது.

தங்கச்சி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“இப்ப சந்தோஷமாம்மா?” என்று அவர் கோட்டுக்குக் கை நீட்டினார்.

“என் கருத்து என்னாச்சு சார்?”

“எது?”

“திங்கட்கிழமை போட்டது. இன்னும் உங்க ஒப்புதலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு.”

“அதான் நானே திருத்திட்டேனே. அது இனிமே எதுக்கு?”

“அதுல தேதி இருக்கு சார். நான் அன்னிக்கே சொன்னது எல்லாருக்கும் தெரியட்டும்.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனைத் தட்டினார். அத்தனை அழுகைக்கும் கீழே, திங்கட்கிழமைத் தேதியோடு என் வரிகள் வந்து நின்றன. தங்கச்சியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்புறம்தான் கோட்டைக் கம்பியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.